பேஷ் ஷெல்லை நம் கைக்குப் பழக்குதல்: புளியரை எல்லையோரக் கணினிகளுக்கு ஒரு கையேடு

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் லினக்ஸில் வேலை செய்கிறவர்கள் மூன்று தொல்லைகளைச் சேர்த்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஃபோல்டரில் தமிழில் பெயரிட்ட பில்லும் மலையாளத்தில் பெயரிட்ட ரசீதும் கலந்து கிடக்கும். சாரல் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கணவாய் தாண்டும்போது டவர் மாறி, சர்வர் இணைப்பு அறுந்துபோகும். இணையத்தில் கிடைக்கும் முந்நூறு வரி ஆயத்த அமைப்பை இறக்கி ஒட்டினால் ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரியின் தலைப்பகுதி) பளபளக்குமே தவிர, இந்த மூன்றில் ஒன்றுக்கும் அது உதவாது. ஐம்பது வரிக்குள் நாமே எழுதிய, ஒவ்வொரு வரியும் எதற்கு என்று நமக்குத் தெரிந்த அமைப்புதான் உதவும்.

கீழே வருவது உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றில் இருக்கும் பேஷுக்கானது. நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலைத்தான் ஷெல் என்கிறோம், பேஷ் அதில் ஒரு வகை. கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவும். மாறிகளின் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் மாறியின் பெயரையே கட்டளை என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பேஷ் சொல்லும்.

கை வைக்கும் முன்

முதலில், ஹோம் ஃபோல்டரில் இருக்கிற .பேஷ்ஆர்சி என்ற பேஷ் அமைப்பு ஃபைலுக்கு ஒரு நகல். அடுத்து, இரண்டாவது டெர்மினல் ஒன்றைத் திறந்து அப்படியே விட்டுவிடுங்கள். திருத்திய ஃபைலில் கோளாறு இருந்தால் புதிதாகத் திறக்கும் டெர்மினல்தான் சிக்கும். ஏற்கெனவே திறந்திருப்பதற்கு ஒன்றும் ஆகாது. சேமித்ததும் 'பேஷ் -என்' என்று தட்டி ஃபைல் பெயரைக் கொடுங்கள். அது ஃபைலை இயக்காமல், இலக்கணம் சரியா என்று மட்டும் பார்க்கும். மூடாத மேற்கோள் குறி, 'இஃப்' நிபந்தனையை மூடாமல் விட்டுப்போன 'எஃப்ஐ' எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதையும் மீறிக் கதவு அடைபட்டால் 'பேஷ் --நோஆர்சி --நோப்ரொஃபைல்' என்று திறந்தால், நம் அமைப்பு எதையும் படிக்காத வெறும் ஷெல் கிடைக்கும்.

விண்டோஸ் நோட்பேடில் திருத்திக் கொண்டுவந்த ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரலாம். பிழைச் செய்தியில் பின்சாய்வுக்கோடும் ஆர் எழுத்தும் சேர்ந்து தெரிந்தால் அதுதான் காரணம். 'டாஸ்2யுனிக்ஸ்' கருவியை ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

எந்த ஃபைலை எப்போது படிக்கிறது

"எழுதினேன், வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

லாகின் ஷெல் (பயனராக உள்நுழையும்போது தொடங்கும் ஷெல்) என்றால் பேஷ் முதலில் கணினி முழுமைக்கும் பொதுவான ப்ரொஃபைலைப் படிக்கும். பிறகு நம் ஹோம் ஃபோல்டரில் .பேஷ்_ப்ரொஃபைல், .பேஷ்_லாகின், .ப்ரொஃபைல் என்ற வரிசையில் தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். மற்ற இரண்டையும் தொடாது. டெஸ்க்டாப்பில் டெர்மினல் ஜன்னல் திறந்தால் அது பொதுவாக லாகின் ஷெல் அல்ல, அப்போது .பேஷ்ஆர்சி படிக்கப்படும். உபுண்டுவில் வரும் .ப்ரொஃபைல், உள்ளுக்குள் .பேஷ்ஆர்சியையும் கூப்பிட்டுக்கொள்ளும்.

ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவல் குறிப்பு சொன்னதற்காக .பேஷ்_ப்ரொஃபைல் என்று புதிதாக ஒன்றை உருவாக்கினால், அந்த நிமிடத்திலிருந்து .ப்ரொஃபைல் படிக்கப்படாது. நேற்றுவரை இருந்த பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) இன்று காணோம் என்று தேட வேண்டிவரும். அந்த ஃபைலை நீக்குங்கள், அல்லது அதற்குள் .ப்ரொஃபைலைக் கூப்பிடும் ஒரு வரி சேருங்கள்.

பிரித்து வைக்கும் விதம் எளிது. பாத், மொழி போன்ற சூழல் மாறிகள் .ப்ரொஃபைலில் இருக்கட்டும். அலியாஸ் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப்பெயர்), ப்ராம்ப்ட், ஹிஸ்டரி (தட்டிய கட்டளைகளின் பதிவு) ஆகியவை .பேஷ்ஆர்சியில் இருக்கட்டும்.

.பேஷ்ஆர்சியின் தலையில், ஷெல்லில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பிவிடும் நான்கைந்து வரிகள் உபுண்டு, டெபியனில் இருக்கும். அதை நீக்காதீர்கள். எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக ஒற்றைக் கட்டளை ஓடும்போதும் பேஷ் இந்த ஃபைலைப் படிக்கும். அந்த வரிகளுக்கு மேலே 'வணக்கம்' என்று ஒரு எக்கோ வைத்தால்கூட, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் குழம்பிப்போய், உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டு நின்றுவிடும். அதற்கு வர வேண்டிய தரவின் நடுவில் நம் வணக்கம் புகுந்துவிடுவதுதான் காரணம்.

ஹிஸ்டரி: கரண்ட் போனாலும் தங்க

பேஷ் தன் ஹிஸ்டரியை, ஷெல்லை முறையாக மூடும்போதுதான் ஃபைலில் எழுதுகிறது. யூபிஎஸ் இல்லாத மேசையில் கரண்ட் போனால் காலையிலிருந்து தட்டியது எல்லாம் காலி. இரண்டு டெர்மினல் திறந்திருந்தால், ஷாப்ட் கட்டளையில் ஹிஸ்ட்அப்பெண்ட் இல்லாதபோது, கடைசியாக மூடியது முந்தையதன் மேல் எழுதிவிடும். உபுண்டு அதை ஏற்கெனவே போட்டுத் தருகிறது, டெபியனிலும் அப்படித்தான். நாம் சேர்க்க வேண்டியவை இவை:

ஹிஸ்ட்சைஸ்=50000
ஹிஸ்ட்ஃபைல்சைஸ்=100000
ஹிஸ்ட்கன்ட்ரோல்=இக்னோர்போத்
ஹிஸ்ட்ஃபைல்=~/.ஷெல்_வரலாறு
ப்ராம்ப்ட்_கமாண்ட்="ஹிஸ்டரி -ஏ; $ப்ராம்ப்ட்_கமாண்ட்"

உபுண்டு தரும் அளவு முதல் இரண்டுக்கும் 1000, 2000. அந்தப் பழைய வரிகளை அழித்துவிட்டு நம்முடையதை எழுதுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டாம். வரலாற்று ஃபைலுக்குத் தனிப் பெயர் கொடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேலே சொன்ன நோஆர்சி ஷெல்லைத் திறந்து மூடினால், அதற்குத் தெரிந்த இயல்பு அளவு 500தான். வழக்கமான ஹிஸ்டரி ஃபைலை அது 500 வரிக்கு வெட்டிவிடும். நம் பெயர் வேறு என்றால் அது தொடாது. நீங்கள் வைக்கும் பெயர் ஆங்கில எழுத்தில், புள்ளியில் தொடங்கட்டும்.

கடைசி வரியில் 'ஹிஸ்டரி -ஏ' முன்னால் வருவதைக் கவனியுங்கள். இடம் மாற்றி, பழைய மதிப்பை முன்னால் வைத்து அரைப்புள்ளி போட்டால், அந்த மதிப்பு காலியாக இருக்கும் கணினியில் ஒவ்வொரு எண்டருக்கும் இலக்கணப் பிழை வரும். பழைய மதிப்பையே விட்டுவிட்டு எழுதினால், சில டெர்மினல்களில் புதிய டேப் அதே ஃபோல்டரில் திறக்கும் வசதி போய்விடும், ஏனென்றால் அதுவும் இந்த மாறியில்தான் தொங்குகிறது.

இவ்வளவு செய்தும், கரண்ட் போன கணத்துக்கு முந்தைய அரை நிமிடத்துக் கட்டளைகள் போகலாம். கெர்னல் தரவை நினைவகத்தில் வைத்திருந்து கொஞ்சம் பொறுத்துத்தான் டிஸ்க்கில் எழுதுகிறது. அதற்காக ஷெல் அமைப்பில் வேறு வித்தை செய்ய வேண்டாம்.

இக்னோர்போத் இருந்தால், முன்னால் ஒரு இடைவெளி விட்டுத் தட்டிய கட்டளை வரலாற்றில் ஏறாது. கடவுச்சொல் தட்ட நேர்கிற கட்டளைகளுக்கு அதைப் பழக்கமாக்குங்கள். தேதியும் வேண்டுமானால் ஹிஸ்ட்டைம்ஃபார்மட் மாறியில் சதவீதக் குறியோடு பெரிய எஃப், இடைவெளி, சதவீதக் குறியோடு பெரிய டி, மேற்கோளை மூடும் முன் இன்னொரு இடைவெளி. அந்தக் கடைசி இடைவெளி இல்லையென்றால் நேரமும் கட்டளையும் ஒட்டிக்கொண்டு தெரியும்.

ப்ராம்ப்ட்

பயனர், கணினிப் பெயர், இருக்கும் ஃபோல்டர், இவ்வளவு போதும். பாதை நீண்டு திரையை அடைத்தால் ப்ராம்ப்ட்_டர்ட்ரிம்=2 என்று வைத்தால் கடைசி இரண்டு ஃபோல்டர்களை மட்டும் காட்டும். கடைக் கணினிக்கு ஒரு நிறம், சர்வருக்குச் சிவப்பு என்று வைப்பது உண்மையிலேயே பயனுள்ளது. தவறான கணினியில் ஃபைல் அழிவதைத் தடுக்கும்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. நிறக் குறியீடு ஒவ்வொன்றையும் \[ என்றும் \] என்றும் அணைத்து எழுத வேண்டும். எழுதாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் பேஷ் அகலத்தில் சேர்த்து எண்ணிவிடும். சிறிய கட்டளைகளில் ஒன்றும் தெரியாது. நீளமாகத் தட்டி வரி மடங்கும்போது, அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் எழுத்துகள் ஏறி விழும். மேல் அம்புக்குறி தட்டினால் பாதிக் கட்டளை மட்டும் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்படி நடந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்த அணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

ப்ராம்ப்டில் தமிழ் எழுத்து வைக்காதீர்கள். உயிர்மெய்யின் அகலத்தை டெர்மினலும் பேஷும் வெவ்வேறாகக் கணக்கிட்டால் கர்சர் இடம் தவறி நிற்கும்.

பாத், அலியாஸ், ஃபங்ஷன்

பாத்தில் ஒரு ஃபோல்டரைச் சேர்க்கும் வரியை .பேஷ்ஆர்சியில் போட்டு, திருத்தும்போதெல்லாம் 'சோர்ஸ்' (ஃபைலை மறுபடி படிக்கச் சொல்லும் கட்டளை) செய்தால் அதே ஃபோல்டர் நான்கைந்து முறை ஏறிவிடும். .ப்ரொஃபைலில் போட்டால் பெரும்பாலும் இது தீரும். உபுண்டுவின் .ப்ரொஃபைல், ஹோம் ஃபோல்டரில் 'பின்' என்ற ஃபோல்டர் இருந்தால் தானாகவே சேர்த்துக்கொள்ளும். ஆனால் லாகின் நேரத்தில் மட்டுமே பார்க்கும். இப்போதுதான் அந்த ஃபோல்டரை உருவாக்கினீர்கள் என்றால், வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். பாத்தில் வெறும் புள்ளியைச் சேர்க்க வேண்டாம். பென்டிரைவில் யாரோ வைத்திருக்கும் 'எல்எஸ்' என்ற பெயருள்ள ஃபைல்கூட ஓடிவிடலாம்.

அலியாஸை ஒற்றை மேற்கோளில் எழுதுங்கள். இரட்டை மேற்கோளில் டாலர் மாறி இருந்தால், அலியாஸை அறிவிக்கும் நேரத்து மதிப்பு அதில் உறைந்துவிடும். நடுவில் ஃபைல் பெயர் வர வேண்டிய கட்டளைக்கு அலியாஸ் உதவாது, ஃபங்ஷன் எழுத வேண்டும். ஃபங்ஷனுக்குள் $1 (அதற்கு நாம் கொடுக்கும் முதல் மதிப்பு) என்பதை எப்போதும் இரட்டை மேற்கோளில் வையுங்கள். 'பாவூர்சத்திரம் காய்கறி பில்' என்று இடைவெளியோடு பெயரிட்ட ஃபைலை மேற்கோள் இல்லாத ஃபங்ஷன் மூன்று ஃபைலாக நினைத்துக்கொள்ளும்.

'ஆர்எம்' கட்டளைக்கு, கேட்டு அழிக்கும் அலியாஸ் போடச் சொல்பவர்கள் உண்டு. நாங்கள் சொல்ல மாட்டோம். கேட்கும் என்ற நம்பிக்கையில் கை பழகிவிடும்; அந்த அலியாஸ் இல்லாத சர்வரில் அதே கை கேள்வியில்லாமல் அழிக்கும். பயம் இருந்தால் வேறு பெயரில் ஃபங்ஷன் எழுதி, ஃபைலை ஒரு குப்பை ஃபோல்டருக்கு நகர்த்துங்கள்.

டேப் விசைக்கான வசதிகள் .இன்புட்ஆர்சி என்ற தனி ஃபைலில் போகும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்காதே என்ற ஒரு வரி, ஒரே டேப்பில் எல்லாப் பொருத்தங்களையும் காட்டு என்ற ஒரு வரி. இரண்டும் போதும்.

தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர்

முதலில் 'லொகேல்' (மொழி, எழுத்து அமைப்பு) என்று தட்டிப் பாருங்கள். லாங் மாறியின் மதிப்பு யூடிஎஃப்-8 வகையாக இருக்க வேண்டும். வெறும் சி என்றோ பாசிக்ஸ் என்றோ இருந்தால் 'எல்எஸ்' தமிழ்ப் பெயரைக் காட்டாமல் \340\256 என்று எண்களாகக் கொட்டும். அந்த எண்களும் ஒன்றைச் சொல்கின்றன. 340க்கு அடுத்து 256 அல்லது 257 வந்தால் தமிழ். 264, 265 என்றால் மலையாளம். திருத்தணி, நகரி பக்கத்தில் 260, 261 பார்த்தால் தெலுங்கு. ஃபைல் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், காட்டும் விதம்தான் தவறு. லொகேல் சரியாக இருந்தும் கிட் (ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி) இப்படிக் காட்டினால், அதன் 'கோர்.கோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.

'லொகேல் -ஏ' தரும் பட்டியலில் இந்திய ஆங்கிலம் இல்லையென்றால், /இடிசி ஃபோல்டரில் உள்ள லொகேல்.ஜென் ஃபைலில் அந்த வரிக்கு முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு, நிர்வாகி உரிமையோடு 'லொகேல்-ஜென்' ஓட்டுங்கள். பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே .ப்ரொஃபைலில் எழுதுங்கள். எல்சி_ஆல் மாறியை மட்டும் நிரந்தரமாக வைக்காதீர்கள்; அது மற்ற எல்லா மொழி அமைப்பையும் அமுக்கிவிடும்.

இனி, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருக்கும் பெயர்கள். 'கொல்லம்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கொ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்-பிளஸ் டிஸ்க்குகள் பெயரை இரண்டாகப் பிரித்தே வைத்தன. அங்கிருந்து வந்த ஃபைலைப் பெயர் தட்டித் திறந்தால், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று வரும். 'எல்எஸ்' அடித்தால் எதிரிலேயே இருக்கும். சோதிப்பது சுலபம். பெயரை 'பிரிண்ட்எஃப்' வழியாக பைட்டுகளை எண்ணும் 'டபிள்யூசி -சி'க்கு அனுப்புங்கள். ஒட்டிய கொல்லம் 21 பைட், பிரிந்த கொல்லம் 24 பைட். 'கான்வ்எம்வி' கருவியை இரு பக்கமும் யூடிஎஃப்-8 என்றும் கூடவே '--என்எஃப்சி' (பிரிந்த குறியீடுகளை ஒட்டும் வடிவம்) என்றும் கொடுத்து ஓட்டினால், என்ன மாற்றப்போகிறது என்று முதலில் காட்டும். '--நோடெஸ்ட்' சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.

மலையாளத்தில் சிக்கல் இன்னும் ஆழம். சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்யைக் காட்டும் தனி வடிவங்கள்) 2008இல் வந்த யூனிகோட் 5.1 தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என மூன்று குறியீடாக எழுதினார்கள். புனலூர் என்று மலையாளத்தில் எழுதினால் கடைசியில் சில்லு வரும். புதிய முறையில் அந்தப் பெயர் 18 பைட், பழைய முறையில் 24. பழைய கீபோர்டு மென்பொருள் வைத்திருப்பவர் அனுப்பும் ரசீதும் நம்முடையதும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பெயரோடு நிற்கும். தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். என்எஃப்சி இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் யூனிகோட் இவ்விரண்டையும் சமமாகக் கருதுவதில்லை. புழக்கத்தில் இருக்கும் ஐந்து சில்லுகளுக்கு ஐந்து 'செட்' (எஸ்-இ-டி என்ற எழுத்து மாற்றும் கருவி) மாற்று வரிகளை ஒரு ஃபங்ஷனில் எழுதி, வந்த ஃபைல்களை அதன் வழியாகப் பெயர் மாற்றுவதே வழி. புதுப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கலாம். அதனால் 'எம்வி -என்' பயன்படுத்துங்கள், அது இருப்பதன் மேல் எழுதாது.

எதுவும் முடியாத ஃபைலுக்கு 'எல்எஸ் -ஐ' அதன் ஐநோட் எண்ணை (டிஸ்க் அந்த ஃபைலுக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்) தரும். 'ஃபைண்ட்' கட்டளையில் '-ஐநம்' போட்டு அந்த எண்ணைக் கொடுத்து, பெயரைத் தொடாமலே பிடித்துவிடலாம்.

ஒரு எல்லையையும் நினைவில் வையுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளில் வழக்கமான ஈஎக்ஸ்டி4 அமைப்பு, ஃபைல் பெயருக்கு 255 பைட் இடம் தருகிறது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீடுகள்தான் அடங்கும், புள்ளியும் கொம்பும் அதில் சேர்த்தி. வாடிக்கையாளர் பெயர், ஊர், தேதி, சரக்கு என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதும் பழக்கம் இருந்தால் இந்தச் சுவரில் முட்டுவீர்கள்.

அறுந்துபோகும் இணைப்பு

எஸ்எஸ்எச் அமைப்பு ஃபைலில் 'சர்வர்அலைவ்இன்டர்வல் 30' என்று வைத்தால், செத்த இணைப்பை ஒன்றரை நிமிடத்தில் கண்டுபிடித்துக் கைவிடும்; உறைந்த திரையைப் பார்த்து உட்கார வேண்டாம். டவர் மாறி ஐபி முகவரி மாறினாலும் தொடர வேண்டும் என்றால், எஸ்எஸ்எச்சுக்குப் பதிலாக 'மோஷ்' கருவியைப் பயன்படுத்துங்கள். அதற்குச் சர்வரில் யூடிபி 60000 முதல் 61000 வரை திறந்திருக்க வேண்டும், இரு முனையிலும் யூடிஎஃப்-8 லொகேல் இருக்க வேண்டும். மோஷ் தொடங்க மறுத்தால் முதலில் சர்வரின் லொகேலைப் பாருங்கள்.

சர்வரில் 'டிமக்ஸ்' வைத்துக்கொள்ளுங்கள், இணைப்பு அறுந்தாலும் நம் வேலையை (செஷனை) அது அங்கே ஓடவிட்டு வைத்திருக்கும். 'நியூ-செஷன் -ஏ -எஸ்' என்று ஒரு பெயரோடு அலியாஸ் எழுதினால், இருக்கும் செஷனில் சேரும், இல்லாவிட்டால் புதிது தொடங்கும். இங்கே ஏ பெரிய எழுத்து. .பேஷ்ஆர்சியிலிருந்து டிமக்ஸைத் தானாகத் தொடங்க வேண்டாம். டிமக்ஸில் கோளாறு வந்த நாளில் சர்வருக்குள்ளேயே நுழைய முடியாது. டெர்ம் மாறியையும் .பேஷ்ஆர்சியில் வைக்காதீர்கள், அது டெர்மினலின் பொறுப்பு.

பராமரிப்பு

மாதத்துக்கு ஒருமுறை 'டைம் பேஷ் -ஐ -சி எக்ஸிட்' தட்டி, தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கால் விநாடியைத் தாண்டினால் தேட வேண்டும். பெரும்பாலும் நோட்.ஜேஎஸ், பைதான் பதிப்பு மாற்றிகள் தாங்களே சேர்த்த வரிகள்தான் காரணம். பாதி ஃபைலுக்கு # போட்டு அளந்தால், எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரியும். அதையே மறுபடி பாதியாக்குங்கள். அந்த வரிகளை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, தேவைப்படும்போது மட்டும் கூப்பிட்டால் போதும்.

மேக்கில் 2019இன் கேட்டலினா முதல் இயல்பு ஷெல் இசட்ஷ். அங்கே இருக்கும் பேஷ் 3.2 மிகப் பழையது. மேலே சொன்ன ப்ராம்ப்ட்_டர்ட்ரிம் அதில் இல்லை. அலியாஸ், ஃபங்ஷன்களைத் தனி ஃபைலில் வைத்து இரண்டு ஷெல்லும் படிக்கும்படி செய்யலாம். ப்ராம்ப்டும் ஹிஸ்டரியும் தனித்தனிதான்.

எல்லாவற்றையும் ஹோமில் ஒரு ஃபோல்டரில் வைத்து கிட்டில் போடுங்கள். உரிய இடத்திலிருந்து 'எல்என் -எஸ்' மூலம் இணைப்புக் கொடுங்கள். ஃபைல் நிறைய என்றால் 'ஸ்டோ' அந்த வேலையைச் செய்யும். கணினியில் சோதனைக்கென்று ஒரு புதிய பயனரை உருவாக்கி, அந்தக் கணக்கில் கிட்டிலிருந்து இறக்கி ஓட்டிப் பாருங்கள். நம் கணக்கில் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு கருவியை நம்பி எழுதிய வரிகள் அங்கே பிழையாக வெளிவரும். அப்படிப்பட்ட வரிகளை, கருவி இருக்கிறதா என்று 'கமாண்ட் -வி' கொண்டு பார்த்த பிறகே ஓடும்படி மாற்றுங்கள்.

கடவுச்சொல், ஏபிஐ சாவி, வாடிக்கையாளர் சர்வர் முகவரி ஆகியவை கிட்டுக்குள் போகக் கூடாது. .பேஷ்ஆர்சி.லோக்கல் என்று தனி ஃபைலில் வைத்து, அனுமதி 600 கொடுத்து, .கிட்இக்னோரில் சேர்த்து, படிக்க முடிந்தால் மட்டும் படி என்று .பேஷ்ஆர்சியின் கடைசி வரியில் எழுதுங்கள். ஒரு சாவி தெரியாமல் கிட்டுக்குள் போய்விட்டால், அடுத்த கமிட்டில் (கிட்டில் சேமிக்கும் அடுத்த பதிவில்) அழிப்பது போதாது. பழைய கமிட்டில் அது இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சாவியை அன்றைக்கே ரத்து செய்து புதிது வாங்க வேண்டும்.